மழைக்காலத்தில் மீன் தொட்டியும் கீரைப் பாத்தியும்

(வானொலியின் கிராம நிகழ்ச்சியில் நிகழ்த்திய உரை)



மீன் தொட்டித் தண்ணீரை மோட்டார் மூலம் மேலே ஏற்றி, மண்ணே இல்லாத ஜல்லிப் பாத்தியில் விட்டு, அதிலே கீரையும் காய்கறியும் விளைவித்து, வடிகிற தண்ணீரைத் திரும்ப மீன் தொட்டிக்கே அனுப்புகிற முறை ஒன்று உண்டு. அக்வாபோனிக்ஸ் என்று அதற்குப் பெயர். இதைப் பற்றி நிறையப் பேர் பேசுகிறார்கள், படம் காட்டுகிறார்கள். நம்ம ஊர் ஐப்பசி, கார்த்திகை மழையில் அது என்ன பாடுபடும் என்று சொல்கிறவர்கள் குறைவு. அந்தப் பாட்டை நான் பட்டிருப்பதால், அதைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

நான் இருப்பது சென்னை மயிலாப்பூரில். பழைய ஓட்டு வீடு, பின்பக்கம் ஒரு கொல்லை, அதில் ஒரு கிணறு. பூர்வீகம் மதுராந்தகம் பக்கம். அங்கே பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், இன்னமும் ஏரிப் பாசனத்தில் நெல் வைக்கிறார். நான் தொட்டி கட்டிய சேதி கேட்டு அவர் போனில் சொன்னது இதுதான்: "ஏண்டா தம்பி, ஏரியில கெண்டை தானா வளருது. வரப்புல பொன்னாங்கண்ணி தானா வளருது. நீ மோட்டார் போட்டு ரெண்டையும் வளக்கிறியாக்கும்!"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். மீன் தின்கிற தீவனத்தில் உள்ள சத்தில் ஒரு பங்குதான் மீன் உடம்பில் சேருகிறது. மிச்சம் சாணமாகவும், செவுள் வழியாக அம்மோனியாவாகவும் தண்ணீருக்கு வருகிறது. அம்மோனியா மீனுக்கு விஷம். ஆனால் ஜல்லிக் கல்லின் மேல் வழவழவென்று படிகிற நுண்ணுயிர்கள் இருக்கின்றனவே, அவை அந்த அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். நைட்ரேட் என்பது பயிர் விரும்பிச் சாப்பிடுகிற தழைச்சத்து. நம் வயலில் மண்ணுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதும் இதே காரியம்தான்.

இந்த முறையை ஒழுங்காக அளந்து எழுதி வைத்தவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் ராக்கோசி என்கிற விஞ்ஞானி. கரீபியன் கடலில் செயின்ட் குரோய் என்று ஒரு சின்னத் தீவு. அங்கே வெர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் 1980 வாக்கில் தொடங்கி ஏறத்தாழ முப்பது வருஷம் இதையே செய்தார். தீவில் நல்ல தண்ணீருக்குப் பஞ்சம், ஆகையால் மழைத் தண்ணீரைப் பிடித்துத் தேக்கி, திறந்த வெளியில் திலேப்பியாவும் கீரையும் வளர்த்தார்கள். அவர்களுடைய ஒரு பழக்கத்தை நான் காலம் தாழ்த்தித் தெரிந்துகொண்டேன். அதையும் சொல்கிறேன்.

என் தொட்டியின் அளவு சொன்னால் உங்களுக்குக் கணக்கு சுலபமாக விளங்கும். ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று, மேல்மூடியை அறுத்து எடுத்தது. பத்தடி நீளம், மூன்றடி அகலம், ஓரடி ஆழத்தில் பாத்தி ஒன்று. ஹாலோ பிளாக் கல் அடுக்கி, அதன் மேல் பலகைக் கல் பரப்பி, கனமான தார்ப்பாய் விரித்து, முக்கால் அங்குலக் கருங்கல் ஜல்லி நிரப்பியது. இதை மொட்டை மாடியில் வைக்கலாமே என்று பலர் சொன்னார்கள். பாத்தி ஜல்லி மட்டும் ஒன்றேகால் டன்னுக்கு மேல், தண்ணீர் ஒரு டன். எங்கள் தெருவில் பாதி வீடு தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட மெட்ராஸ் டெரஸ். அதன் மேல் இந்தப் பாரத்தை ஏற்றினால் கீழே படுத்திருப்பவர் கதி என்ன? ஆகவே கொல்லையில் வைத்தேன். காங்கிரீட் மாடி என்றாலும் இன்ஜினியரைக் கேட்காமல் ஏற்றாதீர்கள்.

மீன் நாற்பது. வளர்ந்தால் கால் கிலோ வீதம் பத்து கிலோ. தினம் நூற்றைம்பது கிராம் தீவனம். கீரைக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளைக்கு நாற்பது, ஐம்பது கிராம் தீவனம் என்பது உலக உணவு வேளாண்மை நிறுவனம் 2014இல் வெளியிட்ட கையேட்டில் உள்ள அளவு. அந்தக் கணக்குப்படி என் பாத்திக்கும் மீனுக்கும் சரியாகப் பொருந்தியது. தை மாதம் ஆரம்பித்தேன். நுண்ணுயிர் பிடிக்க ஐந்து வாரம் ஆயிற்று. அந்த ஐந்து வாரமும் மீன் பத்துதான் விட்டிருந்தேன், தீவனமும் சிட்டிகைதான். அவசரப்பட்டு மொத்த மீனையும் ஒரே நாளில் கொட்டுகிறவர்கள் முதல் மாதத்திலேயே தோற்றுப் போகிறார்கள்.

சித்திரை, வைகாசியில் அரைக்கீரையும் தண்டுக்கீரையும் வந்த வரத்தைப் பார்த்து, அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தோம். புதினா சொல்லவே வேண்டாம். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள்.

அப்புறம் 2021ஆம் வருஷம் நவம்பர் மாதம் வந்தது. 6ஆம் தேதி ராத்திரி பிடித்த மழை, 7ஆம் தேதி காலை எட்டரைக்குள் நுங்கம்பாக்கத்தில் 21 சென்டிமீட்டர். தியாகராய நகரில் கடைத் தெருவெல்லாம் நாள் கணக்கில் தண்ணீர் நின்றது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும்.

இப்போது ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் பத்து லிட்டர் தண்ணீர். என் தொட்டி வாயும் பாத்தியும் சேர்ந்து ஏறக்குறைய நான்கு சதுர மீட்டர். 21 சென்டிமீட்டர் மழைக்கு 840 லிட்டர்! ஆயிரம் லிட்டர் தொட்டிக்குள்ளே ஒரே ராத்திரியில் 840 லிட்டர். அது போதாதென்று, மீனுக்கு நிழல் இருக்கட்டும் என்று தாழ்வாரத்து ஓட்டை ஒட்டித் தொட்டியை வைத்திருந்தேன். ஓட்டுத் தண்ணீரும் அதிலேயே கொட்டியது. 2015 டிசம்பர் 1ஆம் தேதி மழையில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அந்த மழை அடையாற்றைக் கோட்டூர்புரத்துக்குள்ளும் சைதாப்பேட்டைக்குள்ளும் கொண்டு வந்தது. அப்படி ஒரு மழைக்குத் தொட்டியில் இருக்கிற பழைய தண்ணீரைவிட வானத்துத் தண்ணீர்தான் அதிகமாக இருக்கும்.

வழிந்து போக ஒரு குழாய் வைத்திருந்தேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒன்றரை அங்குலக் குழாய், வாயில் கொசுவலை கட்டியது. கொல்லையில் வேப்ப மரம். பத்து வேப்பிலை போதாதா வலையை அடைக்க? இதற்கு நடுவே கரண்டும் நின்றது. மோட்டார் நின்றதும் பாத்தியில் தேங்கிய தண்ணீர் முழுக்கத் தொட்டிக்கே இறங்கியது. விடியற்காலை டார்ச் அடித்துப் பார்த்தால் தொட்டி விளிம்பு வழியாக அருவி மாதிரி கொட்டுகிறது. மீன் கொல்லைச் சேற்றிலே துள்ளுகிறது. வெளிச்சம் வருவதற்கு முன்பே காக்காய் வந்துவிட்டது. பதினோரு மீன் போயிற்று.

இது மழை செய்த நஷ்டம். அடுத்து நடந்தது நான் செய்த நஷ்டம். விவசாயிகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரிக்கும். கடல் பக்கத்திலே இருக்கிறதல்லவா? அதனால் தொட்டியில் தண்ணீர் குறைகிற போதெல்லாம், சேமித்து வைத்த மழைத் தண்ணீரையே ஊற்றி வந்தேன். சுத்தமான தண்ணீர், மீனுக்கு நல்லது என்று நினைப்பு. அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும்போது நுண்ணுயிர்கள் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக அமிலத்தை உண்டாக்கும். கிணற்றுத் தண்ணீரிலே கரைந்திருக்கிற சுண்ணாம்புச் சத்து அந்த அமிலத்தைத் தாங்கிப் பிடிக்கும். மழைத் தண்ணீரில் அது கிடையாது. பத்து மாதமாக மிச்சமிருந்த சத்தெல்லாம் தீர்ந்துகொண்டே வந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. அன்றைய மழை வந்து இருந்ததையும் கழுவிக்கொண்டு போய்விட்டது.

கார அமில நிலை, அதாவது பி.எச்., ஏழுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது, அடுத்த நாலைந்து நாளில் ஐந்தரைக்கு இறங்கிவிட்டது. ஆறுக்குக் கீழே இறங்கினால் நுண்ணுயிர்கள் வேலையை ஏறக்குறைய நிறுத்திவிடும். நானோ, மழையில் பயந்துபோன மீன் என்று இரக்கப்பட்டு வழக்கம்போல் தீவனம் போட்டுக்கொண்டிருந்தேன். வெயில் இல்லை, கீரையும் தண்ணீரிலிருந்து சத்து எடுக்கவில்லை. அம்மோனியா சேர்ந்துகொண்டே போயிற்று. ஆனால் மீன் சாகவில்லை. ஏன் சாகவில்லை என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் சொட்டு மருந்து மாதிரி ஒரு பரிசோதனைப் புட்டி விற்கிறார்கள். அதில் நிறம் பார்த்தேன். புளிப்பு அதிகம் என்று தெரிந்தது. புளித்த நிலத்துக்குச் சுண்ணாம்பு போடுவது நமக்குத் தெரிந்த வைத்தியம்தானே! நீற்றிய சுண்ணாம்பு இரண்டு கை அள்ளி, வாளியில் கரைத்து, ஒரே ஊற்றாகத் தொட்டியில் ஊற்றினேன். இரண்டு மணி நேரத்தில் மீன் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தது. சாயந்தரத்துக்குள் இருபது செத்தது. மிஞ்சியது ஒன்பது.

என்ன ஆச்சு தெரியுமா? அம்மோனியம் சல்பேட் உரத்தோடு சுண்ணாம்பைக் கலக்கக் கூடாது என்று நமக்கெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கலந்தால் குப்பென்று நெடி அடிக்கும், தழைச்சத்து ஆவியாகப் போய்விடும். அதே காரியம்தான் என் தொட்டிக்குள் நடந்தது. தண்ணீர் புளிப்பாக இருக்கிற வரைக்கும் அம்மோனியா சாதுவாக அடங்கி இருக்கும். தண்ணீர் காரத்துக்கு மாறிய உடனே அது விஷமாகிவிடும். ஐந்து நாளாகச் சேர்ந்த அம்மோனியாவையெல்லாம் ஒரே வாளிச் சுண்ணாம்பால் விஷமாக்கியவன் நான்.

ராக்கோசி ஆட்களின் பழக்கம் என்று சொன்னேனே, அது இதுதான். அவர்களும் சுண்ணாம்பு போட்டார்கள். ஒரு தடவை சுண்ணாம்பு, மறு தடவை பொட்டாசியம் கலந்த காரம் என்று மாற்றி மாற்றிப் போட்டார்கள். ஆனால் மீன் தொட்டியில் போடவில்லை. அதற்கென்றே தனியாக ஒரு சின்னத் தொட்டி வைத்து, அதில் கரைந்து, சிறுகச் சிறுகத் தண்ணீரோடு சேரும்படி செய்தார்கள். வாரத்தில் பல தடவை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம்.

இன்றைக்கு அந்த நிலை வந்தால் நான் செய்வது இப்படி. முதலில் தீவனத்தை அடியோடு நிறுத்துவேன். மீன் ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் சாகாது. இரண்டாவது, தொட்டித் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை வெளியேற்றிக் கீரைப் பாத்தி, வாழை மரம் என்று பாய்ச்சிவிட்டு, அந்த அளவுக்குக் கிணற்றுத் தண்ணீர் விடுவேன். சேர்ந்த அம்மோனியாவும் வெளியே போகும், சுண்ணாம்புச் சத்தும் உள்ளே வரும். நான் வேண்டாம் என்று ஒதுக்கிய அதே கிணற்றுத் தண்ணீர்! லேசான உப்பைத் திலேப்பியா தாங்கிக்கொள்ளும். அதற்கு அப்புறமும் புளிப்பு இருந்தால்தான் சுண்ணாம்பு. ஒரு டீஸ்பூன் நீற்றிய சுண்ணாம்பை ஒரு வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் பாத்தித் தலைப்பில், தண்ணீர் ஓடுகிற இடத்தில், சொம்பு சொம்பாகச் சாய்ப்பேன். மறுநாள் அளந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்தது.

இந்த நிலை வராமல் தடுக்க, இரண்டு கிலோ கிளிஞ்சலை வலைப் பையில் கட்டி, பாத்தியிலிருந்து தண்ணீர் விழுகிற வாயில் தொங்கவிட்டிருக்கிறேன். தண்ணீர் புளித்தால் கிளிஞ்சல் தானே கரையும், புளிக்காவிட்டால் சும்மா கிடக்கும். கடலோரத்துக்காரர்களுக்குக் கிளிஞ்சலுக்கா பஞ்சம்? உள்நாட்டில் இருப்பவர்கள் முட்டை ஓட்டை நொறுக்கிப் போடலாம்.

தொட்டியைத் திரும்பக் கட்டும்போது எல்லாவற்றையும் மழையை நினைத்தே கட்டினேன். ஓட்டு இறவாணத்திலிருந்து ஆறடி தள்ளி, ஓரடி உயர மேடை போட்டுத் தொட்டியை வைத்தேன். தெருத் தண்ணீர் கொல்லைக்குள் வந்தாலும் தொட்டிக்குள் வராது. தெருத் தண்ணீரில் சாக்கடையும் எண்ணெயும் கலந்திருக்கும். முதல் பெரு மழைக்குப் பின்னால் அடையாறு முகத்துவாரத்தில் மீன் செத்து மிதந்த செய்தி ஒரு தடவைக்கு மேலே வந்திருக்கிறது. ஊரைக் கழுவிய தண்ணீர் ஆற்று மீனையே கொல்லும்போது தொட்டி மீன் எம்மாத்திரம்?

வழிகுழாய் இப்போது இரண்டு, ஒவ்வொன்றும் இரண்டரை அங்குலம். விளிம்புக்கு நான்கு அங்குலம் கீழே. வாயில் வலை கட்டவில்லை. அதற்குப் பதிலாக, ஓரடி நீளக் குழாய்த் துண்டு ஒன்றில் சுற்றிலும் விரல் பருமன் துளை போட்டு வாயில் செருகியிருக்கிறேன். இலை வந்து பத்துத் துளையை அடைத்தாலும் பாக்கித் துளை வழியே தண்ணீர் போகும். தொட்டி வாய் முழுவதற்கும் மீன் வலை விரித்து ஓரத்தில் கட்டியாயிற்று. புது வெள்ளத்தில் மீன் ஏறும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விராலும் பனையேறிக் கெண்டையும் வளர்க்கிறவர்கள் வலை இல்லாமல் இருக்கவே கூடாது. மழைச் சத்தம் கேட்டாலே அவை வெளியே தாவும்.

மேலே கூரை. இதுதான் பெரிய மாற்றம். இரும்புக் குழாய்ச் சட்டத்தில், வெயிலுக்குத் தாங்குகிற கனமான பாலிதீன் தாள், நல்ல சரிவாக, பக்கங்கள் நாலும் திறப்பாக. சரிவில் வருகிற தண்ணீர் தகரக் காலுவாய் வழியாக மூடி போட்ட டிரம்முக்குப் போகிறது. மழைத் தண்ணீர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல தண்ணீர்தான். ஆனால் அது தொட்டிக்குள் வருவது நாம் அளந்து ஊற்றுகிற சொம்பு வழியாக இருக்க வேண்டும், வானம் இஷ்டத்துக்குக் கொட்டுகிற வழியாக இருக்கக் கூடாது. கோடையில் பாலிதீனைச் சுருட்டி வைத்துவிட்டு நிழல்வலை போட்டுக்கொள்வேன். டிரம் மூடியில் இடைவெளி விட்டால் டெங்குக் கொசு குடிவந்துவிடும், ஜாக்கிரதை. மீன் தொட்டியில் அந்தப் பயம் இல்லை, கொசுப் புழுவை மீன் விட்டு வைக்காது.

கூரை கட்டும்போது காற்றை மறந்துவிடாதீர்கள். 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரம் சாய்ந்தது. பாலிதீன் கூரை அந்தக் காற்றுக்கு நிற்காது, நிற்கவும் வேண்டாம். புயல் எச்சரிக்கை வந்தால் பத்து நிமிஷத்தில் அவிழ்த்துச் சுருட்டும்படியாகக் கயிற்று முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். தாள் போனால் வாங்கிக்கொள்ளலாம், சட்டத்தோடு பறந்து பக்கத்து வீட்டில் விழுந்தால் என்ன பதில் சொல்வது?

மின்சாரம் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஈரத் தரையில் நின்றுகொண்டு மோட்டாரைத் தொட்டுச் செத்தவர்கள் நம் ஊர்களில் கொஞ்சநஞ்சம் பேரில்லை. பிளக் பாயின்ட் தலை உயரத்தில், கூரைக்குக் கீழே இருக்க வேண்டும். மின் கசிவு ஏற்பட்டால் தானே அணைகிற டிரிப்பர் கட்டாயம் வேண்டும். தண்ணீரில் கை வைக்கும் முன் சுவிட்சை அணைத்துப் பிளக்கை உருவிவிட வேண்டும்.

கரண்ட் போனால் முதலில் மீனுக்கு மூச்சு முட்டும், கீரைக்கு ஒன்றும் ஆகாது. 2015 வெள்ளத்தின்போதும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் பல பகுதிகளில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. பேட்டரியில் ஓடுகிற சின்னக் காற்று பம்பு ஒன்று மீன் கடைகளில் கிடைக்கிறது. பழைய வண்டி பேட்டரி ஒன்றோடு அதைத் தயாராக வையுங்கள். அதுவும் இல்லையென்றால், குடத்தில் மொண்டு, தோள் உயரத்திலிருந்து தொட்டிக்குள்ளேயே ஊற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான். விழுகிற தண்ணீர் காற்றைக் கூட்டிக்கொண்டு போகும். 2023இல் ஒரு ராத்திரி முழுக்க நானும் என் மனைவியும் முறை வைத்து அப்படி ஊற்றியிருக்கிறோம். "என்னங்க, குழந்தைக்குக்கூட நான் இவ்வளவு கண் முழிக்கலை" என்றாள்.

இத்தனை ஏற்பாட்டையும்விட எனக்குப் பெரிய நிம்மதி கொடுத்தது வேறொன்று. அது பஞ்சாங்கத்தைப் பார்த்து மீன் வளர்ப்பது! தை, மாசியில் குஞ்சு விடுகிறேன். ஆவணியில் பெரிய மீனையெல்லாம் பிடித்துவிடுகிறேன். ஐப்பசி மழை வருகிறபோது தொட்டியில் விரல் நீளக் குஞ்சுகள் கொஞ்சம்தான் இருக்கும். மூச்சுக்குத் தேவையும் குறைவு, கழிவும் குறைவு, போனாலும் பெரிய நஷ்டம் இல்லை. புரட்டாசி வரை ஏன் காத்திருக்கக் கூடாது என்று கேட்டால், புரட்டாசியில் பாதி ஊர் மீன் சாப்பிடாது, விலை விழுந்துவிடும். விற்கிறவர்கள் ஆவணிக்குள் விற்றுவிட வேண்டும்.

மழைக்காலப் பயிரையும் மாற்றிக்கொண்டேன். தக்காளி, கத்தரி எல்லாம் தை மாதத்துக்கு மேல்தான். ஐப்பசி, கார்த்திகையில் பொன்னாங்கண்ணி, வல்லாரை, வள்ளைக்கீரை. ஈரத்திலேயே பிறந்த கீரைகள் இவை. மூன்று நாள் வெயில் இல்லாவிட்டாலும் முகம் சுளிக்காது. இளந்தளிர் மஞ்சளாக வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச் சத்துக் குறைவு. சீலேட் செய்த இரும்பு உரக் கடையில் கிடைக்கும், ஆயிரம் லிட்டருக்கு இரண்டு கிராம் இரும்பு சேருகிற அளவுக்கு, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை போதும். பூச்சி மருந்து எதையும் கிட்டே கொண்டு வராதீர்கள். வேப்பெண்ணெய்கூடத் தொட்டியில் சொட்டக் கூடாது. கீரையைக் கையால் பறித்துப் புழுவை மீனுக்கே போட்டுவிடுங்கள், மீன் கோபித்துக்கொள்ளாது.

மெட்ரோ தண்ணீர் மாதிரி குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் விடுகிறவர்கள் இரண்டு நாள் திறந்து வைத்து, அல்லது ஒரு ராத்திரி காற்று பம்பு ஓட்டி, அதன் பிறகு விடுங்கள். இல்லையென்றால் நுண்ணுயிர் செத்துவிடும்.

எந்த மீன் வளர்ப்பது என்று கேட்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ஆப்பிரிக்கக் கெளுத்தி வேகமாக வளரும் என்று யாராவது குஞ்சு கொண்டு வந்தால் வாங்காதீர்கள். நம் நாட்டில் அதை வளர்க்கத் தடை இருக்கிறது. மழையில் தப்பி ஏரிக்குப் போனால் நம் நாட்டு மீனையெல்லாம் தின்று தீர்த்துவிடும். திலேப்பியா வளர்ப்பதற்கும் அரசு விதிமுறைகள் உண்டு. உங்கள் பக்கத்து மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களுக்குப் பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. கடலோரத்தில் உவர் நீர் உள்ளவர்களுக்கு, சென்னை சாந்தோம் நெடுஞ்சாலையில் 1987இல் தொடங்கிய மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நன்னீர்த் தொட்டிக்கான யோசனை ஒன்று, உவர் நீருக்கான யோசனை வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இப்போது அண்ணன் கேள்விக்கு வருகிறேன். இதிலே காசு பார்க்க முடியுமா, கிராமத்து விவசாயிக்கு இது தேவையா?

எனக்கு முதல் வருஷம் முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் செலவு. மறுபடி கட்டியதற்குத் தனி. கரண்டும் தீவனமும் தினச் செலவு. கீரையும் மீனுமாக வீட்டுக்கு வருகிறது, அக்கம்பக்கத்துக்கும் போகிறது, அவ்வளவுதான். முழுத் தொகுப்பாகப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள், வருஷத்தில் போட்ட பணம் திரும்பும் என்று சொல்கிறார்கள். அந்தக் கணக்கில் மழை மாதம் மூன்றும் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். கிணறும், பண்ணைக் குட்டையும், நல்ல மண்ணும் இருக்கிற விவசாயி இதற்குக் கடன் வாங்குவதை நான் சம்மதிக்க மாட்டேன். உங்களுக்கு மண்ணே ஜல்லிப் பாத்தி, அதற்கு மோட்டாரும் வேண்டாம், டிரிப்பரும் வேண்டாம். பண்ணைக் குட்டையில் மீன் விட்டு, அந்த மீன் தண்ணீரைக் காய்கறிக்குப் பாய்ச்சினால் இதில் வருகிற லாபத்தில் பாதி கைக்கு வந்துவிடும்.

நிலம் இல்லாமல் வாசல் மட்டும் இருக்கிறவர்களுக்கு, கடலோரத்தில் மண் உவர் தட்டிக் கீரை முளைக்காத இடங்களில் நல்ல தண்ணீர் கொஞ்சம் கிடைக்கிறவர்களுக்கு இது உதவும். குடம் குடமாகத் தண்ணீர் வாங்குகிற இடத்திலும் உதவும். ஏனென்றால் ஆவியாகவும் கீரை குடித்தும் போகிற தண்ணீரை மட்டும் ஈடு செய்தால் போதும். 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தருகிற ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குத் தெருத் தெருவாக மக்கள் நின்றதைப் பார்த்த பிறகுதான் எனக்கே இந்த எண்ணம் வந்தது. தண்ணீர் இல்லாத காலத்துக்கென்று ஆரம்பித்தேன், பாடம் சொல்லிக் கொடுத்தது மழை.

போன கார்த்திகையில் அண்ணன் ஒரு வேலையாக மயிலாப்பூர் வந்திருந்தார். கபாலீசுவரர் கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். நல்ல மழை. கொல்லைத் தாழ்வாரத்தில் நின்றபடி, கூரைத் தண்ணீர் டிரம்முக்கு ஓடுவதையும், டிரம் நிறைந்து வாழைக்குப் போவதையும், தொட்டித் தண்ணீர் ஓர் அங்குலம்கூட ஏறாமல் இருப்பதையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. சாயந்தரம் ஊருக்குக் கிளம்பும்போது, "அந்தக் குழாய்ல துளை எவ்வளவு அகலம் போட்டே?" என்று கேட்டார். அவருடைய பண்ணைக் குட்டையின் வழிவாயில் வருஷா வருஷம் ஐப்பசியில் மீன் போய்விடுகிறதாம். சுண்டு விரல் பருமன் என்று சொன்னேன். மாதிரிக்கு ஒரு துண்டு அறுத்துக் கொடுத்தேன், மஞ்சப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.